46 வயது, இரண்டு வருடத்தில் 6 கிலோ: பீரியட்ஸ் நிற்கப்போகிற காலத்தில் எடையை எங்கே பிடிப்பது?

தாழம்பூ46:

வணக்கம். பதில் சொல்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று எல்லா விவரத்தையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

வயது 46, உயரம் 156 செ.மீ. எடை இரண்டு வருடத்துக்கு முன் 61 கிலோ, இப்போது 67. இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. இருந்தது, இப்போது 89. கை கால் அப்படியேதான் இருக்கிறது, போட்டதெல்லாம் வயிற்றில்தான்.

பீரியட்ஸ் ஒரு தடவை 24 நாளில் வருகிறது, அடுத்தது 50 நாள் கழித்து. வந்தால் 8, 9 நாள். முதல் மூன்று நாள் ரொம்ப அதிகம், கட்டி கட்டியாகப் போகிறது. ராத்திரி 3 மணிக்கு உடம்பு அனலாய் அடித்து, நைட்டி நனைந்து விழிப்பு வந்துவிடுகிறது.

ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின் 9.8, டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை) 3.1, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 5.9.

சாப்பாடு: காலை 6 மணிக்குக் காபி. 9 மணிக்கு 3 இட்லி அல்லது 2 தோசை, தேங்காய்ச் சட்னி. 11 மணிக்கு டீ, 2 பிஸ்கட். மதியம் சாதம் (வெந்தது சுமார் 300 கிராம்), சாம்பார், பொரியல், மோர். மாலை காபி, ஒரு கைப்பிடி முறுக்கு. இரவு 9 மணிக்கு 2 சப்பாத்தி, குருமா. முட்டை வாரத்துக்கு இரண்டு, மீன் ஞாயிறு மட்டும். காபி, டீ எல்லாவற்றுக்கும் தலா 2 ஸ்பூன் சர்க்கரை. நான்கு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் ஆகிறது.

தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். முடி கொட்டுவதற்கு ஒரு மாத்திரை எடுக்கிறேன். விசேஷத்துக்காகப் பீரியட்ஸ் தள்ளிப்போடும் மாத்திரை இந்த வருடம் இரண்டு முறை போட்டேன்.

கேள்விகள்: ஹார்மோன் டெஸ்ட் முழுசாக எடுக்கணுமா? ‘ஹார்மோன் பேலன்ஸ்’ என்று விற்கும் பவுடர் உதவுமா? சாப்பாட்டில் எதைக் குறைப்பது? இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் 2 கிலோ குறைகிறது, திரும்பச் சாப்பிட்டால் அப்படியே ஏறிவிடுகிறது. நடை போதாதா? ஹார்மோன் மாத்திரை எடுத்தால் இன்னும் வெயிட் போடுமா?

---

செவிலி_தென்பாண்டி:

எடையை அப்புறம் பார்ப்போம்மா. உங்க பதிவில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 9 நாள் ரத்தப்போக்கும் 9.8 ஹீமோகுளோபினும்தான்.

“நிற்கப்போற வயசு, அப்படித்தான் கொட்டும்” என்று வீட்டில் சொல்வாங்க. அதை நம்பி இரண்டு மூன்று வருஷம் ரத்தத்தை இழந்துகொண்டே இருக்கிறவங்க நிறையப் பேர். அப்படித்தான் கொட்டும் என்று விட வேண்டியதே இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். நாற்பதுகளின் நடுவில் சில மாதம் கருமுட்டை வெளியே வராது. முட்டை வராத மாதம் புரொஜெஸ்டிரோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சுரந்துகொண்டே இருக்கும், சில மாதம் இளவயதைவிடக்கூட அதிகமாக இருக்கும். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்க்கும், புரொஜெஸ்டிரோன் அதைக் கட்டுக்குள் வைத்து உரிய நேரத்தில் உதிர வைக்கும். கட்டுப்படுத்த ஆள் இல்லாததால் சவ்வு 50 நாள் வளர்ந்து, பிறகு மொத்தமாக உதிர்கிறது. அதான் கட்டி கட்டியாகப் போவது. அதோடு வயிற்றுக் கொழுப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். எடை கூடக் கூடச் சவ்வு இன்னும் தடிக்கும். நீங்க கேட்ட எடையும் இந்தப் போக்கும் ஒரே விஷயத்தின் இரண்டு முனை.

வெறும் ஹார்மோன் ஏற்ற இறக்கம்தானா, நார்த்திசுக் கட்டியா, பாலிப்பா (சவ்வில் வளரும் சின்ன சதை), சவ்வு புற்றுநோயாக மாறத் தொடங்கியிருக்கிறதா என்று வெளியே இருந்து யாராலும் சொல்ல முடியாது. 45 வயதுக்கு மேல் இப்படிப் போனால் பெண்ணோய் மருத்துவர் ஸ்கேனும், பெரும்பாலும் சவ்விலிருந்து ஒரு சின்ன சதைத் துணுக்கும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். மெல்லிய குழாய் மாதிரி ஒன்றை உள்ளே விட்டு எடுப்பாங்க. பெரும்பாலும் வெளிநோயாளிப் பிரிவிலேயே சில நிமிஷத்தில் முடிந்துவிடும். பீரியட்ஸ் வலி மாதிரி சுருக்கென்று வலிக்கும். பயந்து தள்ளிப்போடாதீங்க.

போகும்போது மூன்று மாதக் கணக்கு எழுதி எடுத்துப் போங்க: எந்தத் தேதி வந்தது, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி எவ்வளவு பெரிசு. பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுசாக நனைவது, உறவுக்குப் பின் ரத்தம் என்று எது இருந்தாலும் நாள் தள்ளாமல் போங்க. மணிக்கு ஒரு நாப்கின் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால், கூடவே தலைசுற்றல் இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பீரியட்ஸ் 12 மாதம் முழுசாக நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் காட்ட வேண்டும்.

பரிசோதனையில் கெடுதல் எதுவும் இல்லை என்றால், போக்கைக் குறைக்க வழிகள் இருக்கு. பீரியட்ஸ் நாட்களில் மட்டும் போடும் டிரானெக்சாமிக் அமிலம் ஒன்று. கர்ப்பப்பைக்குள் வைக்கும் 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் (புரொஜெஸ்டிரோன் வகை ஹார்மோன்) சாதனம் இன்னொன்று. இது பல வருஷம் வேலை செய்யும், போக்கை மிக நன்றாகக் குறைக்கும். முதல் 3 முதல் 6 மாதம் விட்டு விட்டுத் துளித்துளியாகப் படும். அதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் இரண்டாவது மாதமே “ஒத்துக்கொள்ளவில்லை” என்று எடுத்துவிடச் சொல்றாங்க. கர்ப்பப்பையையே எடுப்பது இதெல்லாம் பார்த்தபின் கடைசியில் பேச வேண்டியது.

ஹார்மோன் டெஸ்ட் கேட்டீங்க. 45 வயதுக்கு மேல், அறிகுறிகள் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எஃப்எஸ்எச் (கருமுட்டையை வளரத் தூண்டும் ஹார்மோன்), ஈஸ்ட்ரோஜன் எல்லாம் பார்த்துப் பயன் இல்லை. இந்தக் காலத்தில் அது வாரத்துக்கு வாரம் மாறும். இன்றைக்கு எஃப்எஸ்எச் 40 என்று வந்தது அடுத்த வாரம் 8 என்று வரலாம். அந்தக் காசுக்கு ஃபெரிட்டின் (உடலில் இருக்கும் இரும்பின் இருப்பு), கொலஸ்ட்ரால், வைட்டமின் டி, பி12 பாருங்க.

உங்க எச்பிஏ1சி 5.9 எனக்குச் சந்தேகமாக இருக்கு. இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகையில் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். சுகர் பார்டர் என்று முடிவு கட்டுவதற்கு முன் வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்தும் ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்க.

---

படிக்கணக்கு:

செவிலி அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள் தோழி. ஹீமோகுளோபின் 9.8 வைத்துக்கொண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும், உடற்பயிற்சி எங்கே செய்வது?

இனி எடை. அமெரிக்காவில் 1996இல் தொடங்கி இந்த வயதுப் பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் என்ற ஆய்வு இருக்கிறது. 2019இல் வெளிவந்த அதன் அலசல் சொன்னது: கடைசி பீரியட்ஸுக்கு இரண்டு வருடம் முன்பிருந்து உடலில் கொழுப்புச் சேரும் வேகம் இரட்டிப்பாகிறது, தசை குறையத் தொடங்குகிறது. கடைசி பீரியட்ஸ் கழிந்து இரண்டு வருடம் வரை இது ஓடி, பிறகு நிதானப்படுகிறது. தராசில் இது பிடிபடாது. கொழுப்பு ஏறுவதும் தசை இறங்குவதும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் எடை எப்போதும்போல மெதுவாக ஏறுவதாகத்தான் காட்டும். உங்களுக்கு இடுப்பு 9 செ.மீ. கூடியிருக்கிறது பாருங்கள், உண்மையைச் சொல்வது அந்த நாடாதான்.

“நாற்பதில் மெட்டபாலிசம் படுத்துவிடும்” என்பதும் சரியில்லை. 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த, 6,400 பேருக்கும் மேல் அளந்த ஆய்வில் 20 வயதிலிருந்து 60 வரை, தசை அளவைக் கணக்கில் எடுத்தால், உடல் எரிக்கும் சக்தி ஏறக்குறைய மாறவில்லை. தசை போனால் எரிப்பும் அதோடு போகும். அதனால்தான் இரவுப் பட்டினி உங்களுக்கு உதவவில்லை. சட்டென்று இறங்கிய 2 கிலோவில் தண்ணீரும் தசையும் கணிசம். திரும்ப ஏறியது பெரும்பாலும் தண்ணீரும் கொழுப்பும். இரண்டு மூன்று தடவை இப்படி இறங்கி ஏறினால் எடை அதே 67, ஆனால் தசை முன்பைவிடக் குறைவு.

உங்கள் தட்டைக் கூட்டிப் பார்த்தேன். புரதம்: இட்லி ஒன்றில் 2 கிராம் சொச்சம், ஆக காலையில் சட்னியோடு 7. சாதம் 8. சாம்பார், பொரியல், மோர் சேர்த்து 9. சப்பாத்தி, குருமா 9. காபி டீயில் இருக்கும் பால் 8 அல்லது 9. மீதி பிஸ்கட்டும் முறுக்கும். மொத்தம் 44 கிராம் வருகிறது. உங்கள் எடைக்கு, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், 65 கிராமாவது வேண்டும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் பொதுக்கணக்கு கிலோவுக்கு 0.83 கிராம். தசை கரையும் வயதில் எடையும் குறைக்கப் பார்ப்பவர்கள் கிலோவுக்கு ஏறக்குறைய 1 கிராம் எடுப்பது நல்லது.

எதை மாற்றுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

காலையில் 3 இட்லியை 2 ஆக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும். கூட 2 முட்டை. அதில் 12 கிராம் புரதம், 140 கலோரி. பகல் முழுக்க வரும் கொறிக்கும் ஆசை இந்த ஒரு மாற்றத்திலேயே பெரிதும் அடங்கும். மதியம் சாதம் 300இலிருந்து 200 கிராம், 130 கலோரி மிச்சம். சாம்பாரில் உங்கள் பங்குக்கு 20 கிராம் பருப்பு கூடுதலாகப் போடுங்கள். கரண்டியை அடியில் விட்டு எடுத்து ஊற்றுங்கள். நம் வீடுகளில் கெட்டிப் பருப்பு முதலில் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குப் போய்விடும், கடைசியில் சாப்பிடும் பெண்ணுக்கு மேலாப்பில் நிற்கும் தண்ணீர்தான் கிடைக்கும். புரதக் குறைவு அங்கேதான் தொடங்குகிறது, தயவுசெய்து உங்கள் பங்கை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

மாலை முறுக்குக்குப் பதில் 40 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை (ஊறப்போடும் முன் எடை) சுண்டல். 7 கிராம் புரதத்துக்கு மேல் வரும், முறுக்கைவிட 50 கலோரி குறைவு. 11 மணி பிஸ்கட் இரண்டையும் விட்டால் 50. மூன்று வேளைக்கு 6 ஸ்பூன் சர்க்கரை போவதை 2 ஸ்பூன் ஆக்கினால் 80. ஒரே நாளில் வேண்டாம். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். இரவு தேங்காய் அரைத்த குருமாவுக்குப் பதில் 30 கிராம் பச்சைப்பயறு வேகவைத்த குழம்பு. நேரத்தை 9இலிருந்து 7.30க்குக் கொண்டுவர முடிந்தால் நல்லது.

எண்ணெய்தான் பெரிய இடம். 4 பேருக்கு மாதம் 5 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கு மேல். 3 லிட்டரில் முடித்தால் 25 மில்லி. உங்கள் பங்கில் மட்டும் 135 கலோரி போகிறது. ஸ்பூனால் அளந்து ஊற்றுவது நான்கு நாளில் மறந்துபோகும். மாத முதல் தேதியில் 3 லிட்டர் மட்டும் வாங்கி வையுங்கள், 20ஆம் தேதி டப்பாவைத் தூக்கிப் பார்த்தாலே கை தானாக இறுக்கிப் பிடிக்கும்.

குறைத்தது 445 கலோரி, கூட்டியது 210 கலோரி. நிகரம் 230 சொச்சம். மாதத்துக்கு முக்கால் கிலோ இறங்கும். மெதுவாகத் தோன்றும். ஆனால் இந்த வேகத்தில், கூடவே பளு தூக்கினால், இறங்குவது பெரும்பாலும் கொழுப்பாக இருக்கும். புரதமும் 65ஐத் தொட்டுவிடும்.

அளப்பது எப்படி என்பதில் பலர் தவறுகிறார்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்கக்கூடாது. கடைசி விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு, வயிற்றை எக்காமல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நம் நாட்டுப் பெண்களுக்கு எல்லைக்கோடு 80 செ.மீ. எடை பார்ப்பதாக இருந்தால் வாரத்தில் 3 நாள் காலையில் பார்த்துச் சராசரி எடுங்கள். உங்களுக்குப் பீரியட்ஸ் எப்போது வரும் என்றே தெரியாததால், அதற்கு முன் சேரும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ நீரைப் பார்த்து “ஒன்றும் குறையவில்லை” என்று மனம் உடைந்துபோக வாய்ப்பு அதிகம். ஜிம்மில் ஏறி நின்றால் கொழுப்புச் சதவீதம் சொல்லும் கருவியும் உடம்பின் நீரைப் பொறுத்து மாறும், அதை நம்பி எதையும் மாற்றாதீர்கள்.

---

தண்டால்_டீச்சர்:

அக்கா, நடையை விடாதீங்க. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. முடிந்தால் 40 நிமிஷத்தை உடைத்து, சாப்பிட்ட பின் 15, 15ஆகப் பிரிங்க, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை அதில் நல்லா அடங்கும். ஆனா நடை தசையைக் கட்டாது. அதுக்குப் பளு வேணும், வாரத்தில் இரண்டு நாளாவது. நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்க.

வீட்டில் இருப்பதை வைத்தே தொடங்கலாம். கைப்பிடி வைத்த 5 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, ஒரு நாற்காலி, ஒரு துடைப்பக் கட்டை.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 3 எண்ணி இறங்கி, 1 எண்ணி எழணும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போச்சு.

குனிந்து தூக்குவது: இதைத்தான் எல்லாரும் தப்பாகச் செய்து முதுகைப் பிடித்துக்கொள்றாங்க. துடைப்பக் கட்டையை முதுகோடு நெட்டாகப் பிடிங்க. பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கட்டை தொடணும். முட்டியை லேசாக மடக்கி, பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் சாத்துற மாதிரி பின்னுக்குத் தள்ளிக் குனியுங்க. மூன்றில் ஒரு இடத்தில் கட்டை விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு வாரம் கட்டையோடு பழகி, அப்புறம் கேனைத் தூக்குங்க.

சுவரில் கை வைத்துத் தண்டால். சுவர் லேசாக ஆனதும் சமையல் மேடை, அதுக்கப்புறம் கட்டில் விளிம்பு.

ஒரு கையை மேசையில் ஊன்றி, மறு கையால் கேனை இடுப்பு வரை இழுப்பது.

மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பை மேலே தூக்கி 2 எண்ணி நிறுத்துவது.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, 2 சுற்று. மூன்றாவது வாரத்திலிருந்து 3 சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்கணும், ஆனா உடம்பு கோணக்கூடாது. 12 சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்க. கேனில் 3 லிட்டர் தண்ணீரில் ஆரம்பித்தால் அரை லிட்டர் அரை லிட்டராக ஊற்றிக்கொண்டே போகலாம். ஒரு கிலோ பிங்க் டம்பெல்லை வருஷம் முழுக்க ஆட்டினால் ஒன்றும் நடக்காததுக்குக் காரணம் இதுதான், தசைக்கு நேற்றைவிடக் கூடுதல் வேலை கொடுத்தால்தான் அது வளரும்.

தூக்கும்போது மூச்சை விடுங்க, அடக்காதீங்க. அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். இருமும்போது, குதிக்கும்போது சிறுநீர் கசிகிறவங்களுக்குக் கசிவும் கூடும். கசிவு இருந்தால் குதிக்கும் பயிற்சியெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

ஹீமோகுளோபின் 11 தொடும் வரை ஒரு சுற்று மட்டும் செய்யுங்க. அதிலேயே படபடப்பு, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்க.

---

மருந்துச்சீட்டு:

மருந்துப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முடிக்கு எடுக்கும் மாத்திரையின் அட்டையில் பயோட்டின் (பி வைட்டமின்களில் ஒன்று) என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலானவற்றில் 5 அல்லது 10 மி.கி. இருக்கும். பல லேப் கருவிகளில் பயோட்டின் தைராய்டு முடிவைக் கெடுக்கும். டிஎஸ்எச் குறைவாகவும் டி4 (தைராய்டு ஹார்மோன்) கூடுதலாகவும் காட்டும். அதாவது உங்கள் 3.1 உண்மையில் அதைவிட அதிகமாக இருக்கலாம். குறைந்தது 2 நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள், லேபிலும் சொல்லுங்கள். இன்னொன்று, உங்கள் முடி கொட்டுவதற்கு இரும்புக் குறைவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் பயோட்டின் எதற்கு?

பீரியட்ஸ் தள்ளிப்போடும் மாத்திரை, அதாவது நாரெதிஸ்டிரோன் 5 மி.கி. கோயில், கல்யாணம் என்று சீட்டில்லாமல் கேட்டு வாங்கிப்போகும் மருந்து இது. உடலில் இதன் ஒரு பகுதி, கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. எடை கூடியவர்கள், காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கண்முன் ஒளிக்கீற்று தெரியும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் தாமாக எடுக்கக்கூடாது. உங்கள் நிலையில் இன்னொரு சிக்கல்: போக்கின் ஒழுங்கை இது குழப்பிவிடும், உள்ளே இருக்கும் கோளாறு கண்டுபிடிக்கத் தாமதமாகும். பரிசோதனை முடியும் வரை தொடவேண்டாம். மருத்துவரிடம் இரண்டு முறை எடுத்ததைத் தேதியோடு சொல்லுங்கள்.

இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால் காபி, டீக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காயோடு எடுத்தால் நல்லது. கால்சியம் மாத்திரையும் இரும்பும் ஒரே வேளையில் கூடாது, ஒன்று காலை என்றால் மற்றது இரவு. வயிற்றைப் புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்கள், அப்படியும் நன்றாகவே ஏறும். ஹீமோகுளோபின் 12 ஆனதும் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் 3 மாதமாவது எடுத்தால்தான் உடலின் இருப்பு நிரம்பும்.

இதைப் படிக்கும் தைராய்டு மாத்திரைக்காரர்களுக்கு: அது வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும். காபி குறைந்தது அரை மணி கழித்து. இரும்பு, கால்சியம் 4 மணி நேரம் தள்ளி.

‘ஹார்மோன் பேலன்ஸ்’ பவுடர் வேண்டாம். சமன் செய்ய நிலையான ஓர் அளவே இந்த வயதில் கிடையாது என்று செவிலி அம்மா விளக்கிவிட்டார்கள். இப்படிப்பட்ட கலவைகள் பலவற்றில் அஸ்வகந்தா இருக்கும். அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும், அரிதாகக் கல்லீரலைப் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. ஆளி விதை, எள் சாப்பிடுங்கள், உணவாக நல்லவை. பீரியட்ஸ் தேதி பார்த்து விதை மாற்றிச் சாப்பிட்டால் ஹார்மோன் சீராகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

வாரம் ஒருமுறை போடும் எடை குறைப்பு ஊசிகள் 2025இல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து கடைகளில் விசாரிப்பு அதிகம். நல்ல மருந்துகள்தான், மருத்துவர் பார்த்து எழுதினால். பசி அடங்குவதால் புரதமும் குறைந்து தசையும் சேர்ந்து போகும். மேலே இருவர் சொன்ன சாப்பாடும் பளுவும் ஊசி போடுபவர்களுக்கு இன்னும் கட்டாயம்.

---

தாழம்பூ46:

எல்லாருக்கும் நன்றி. மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். முடி மாத்திரையில் பயோட்டின் 10 மி.கி. போட்டிருக்கிறது, நிறுத்திவிட்டேன்.

மூன்று சந்தேகம். புரட்டாசியில் முட்டை, மீன் கிடையாது, அப்போது என்ன செய்வது? ஹார்மோன் மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லையே? டீச்சர், நாற்காலியிலிருந்து எழும்போது வலது முட்டி வலிக்கிறது.

---

படிக்கணக்கு:

புரட்டாசிக்கு: பச்சைப்பயறு 50 கிராம் ஊறவைத்து இஞ்சி, பச்சைமிளகாயோடு அரைத்துத் தோசை வார்த்தால் 11, 12 கிராம் புரதம். முட்டைக்குச் சரியான மாற்று. அடை செய்வீர்கள் என்றால் அரிசி 1 பங்கு, பருப்பெல்லாம் சேர்த்து 2 பங்கு. வழக்கமாக நேர்மாறாகப் போடுகிறோம். சோயா உருண்டை உலர்ந்தது 30 கிராமில் 15 கிராம் புரதம். கொதிநீரில் போட்டு இரண்டு முறை பிழிந்தால் அந்த வாடை போய்விடும். பனீர் 60 கிராமில் 11. கேழ்வரகைப் புரதத்துக்காக நம்பாதீர்கள், 100 கிராமில் 7தான். ஆனால் கால்சியம் 350 மி.கி.யை ஒட்டி இருக்கிறது. எலும்புக்கு இந்த வயதில் அவசியம், கூழாக இல்லாமல் களியாகவோ அடையாகவோ எடுத்தால் பசி தாங்கும்.

---

செவிலி_தென்பாண்டி:

ஹார்மோன் சிகிச்சையை வேண்டுமென்றேதான் முதலில் சொல்லவில்லை. போக்கின் காரணம் தெரியாமல் அதைத் தொடங்கக்கூடாது.

காரணம் தெரிந்து, கெடுதல் எதுவும் இல்லை என்றால் கேட்டுப் பாருங்க. ராத்திரி அனல், வியர்வை, தூக்கக் கலைவுக்கு அதைவிடச் சிறந்த மருந்து இல்லை. அது எடையைக் கூட்டாது, குறைக்கவும் குறைக்காது. ஆனா 3 மணி விழிப்பு நின்று ராத்திரி முழுசாகத் தூங்கினால் மறுநாள் இனிப்புத் தேடுவது தானாகக் குறையும். எடையில் அதன் உதவி அந்த வழியில்தான்.

2002இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வால்தான் எல்லாருக்கும் பயம் பிடித்தது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், அல்லது பீரியட்ஸ் நின்று 10 வருஷத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மையே அதிகம் என்று பின்னால் தெளிவாச்சு. கர்ப்பப்பை இருக்கிறவங்க ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக்கூடாது, கூடவே புரொஜெஸ்டிரோன் கட்டாயம். நான் முன்னே சொன்ன கர்ப்பப்பைச் சாதனமே அந்தப் பாதுகாப்பையும் கொடுக்கும். எடை கூடியவங்களுக்கு மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல் நல்லது, ரத்தம் உறையும் ஆபத்து குறைவு. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, ரத்த உறைவு, கல்லீரல் நோய் இருந்தால் இந்த வழி பெரும்பாலும் கிடையாது. அவங்களுக்கு அனலைக் குறைக்க ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கு.

இன்னொன்று, குறட்டை பலமாக இருக்கிறதா என்று வீட்டில் கேளுங்க. இந்த வயதில் தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் ராத்திரி விழிப்புக்கும் வியர்வைக்கும் ஒரு காரணம். அது ஹார்மோனால் சரியாகாது.

---

தண்டால்_டீச்சர்:

முட்டி வலிக்கு: நாற்காலியில் கெட்டிப் போர்வையை நாலாக மடித்துப் போட்டு உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்க. உயரம் கூடினால் முட்டி மடங்கும் கோணம் குறையும், வலி பெரும்பாலும் அதிலேயே போய்விடும். எழும்போது வலது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று கண்ணாடியில் பாருங்க. சாய்ந்தால் இரண்டு முட்டிக்கும் மேலே ஒரு துப்பட்டாவைத் தளர்வாகக் கட்டி, அதை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே எழுங்க. 12 தடவை வலியில்லாமல் வந்ததும் போர்வையில் ஒரு மடிப்பைப் பிரிங்க. இரண்டு வாரத்துக்கு ஒரு மடிப்பு போதும். முட்டி வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதே வலித்தாலோ இதை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. அதுவரை மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவதை மட்டும் 3 சுற்று செய்யலாம், அதில் முட்டிக்குப் பாரம் ரொம்பக் குறைவு.